பெட்டிக்குக் கோத்திரம் இல்லை

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். நடுவில் எழுந்து போக முடியாத ஒரு நாளைச் சொல்லப்போகிறேன். ஹாஜி ஸாமில் வீட்டார், ஒரு சாவுக்குப் பதிலாக ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்த நாள்.

போன வாரம் மயாதாவை மாடிப்படியில், கையில் போனோடு விட்டுவிட்டுப் போனோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பஸ்ராவில் அந்தத் தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் ஹாஜி ஸாமில். சர்க்கார் கரண்ட் போய்விட்டால் தெரு முழுக்க அவரை நம்பித்தான் இருக்கும். லோடு தாங்காத நேரத்தில் எந்த வீட்டு லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது என்று போர்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரே தீர்மானிப்பார். திட்டு வாங்குவார். திருப்பியும் திட்டுவார்.

முழங்கால் விட்டுப்போனபிறகு மகன் ராஃபித் ஒரு பெட்டி செய்து மாட்டினான். லோடு ஏறினால் பெட்டியே ஒவ்வொரு வீடாக நிறுத்தும், திருப்பிக் கொடுக்கும். நிறுத்தவே கூடாத நாலு லைனுக்கு மட்டும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டை ஒரு வீட்டு லைனிலிருந்து இன்னொன்றுக்குப் போனிலிருந்தே மாற்றலாம். போன் இருந்தது மகள் மயாதாவிடம். பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் ஆகவில்லை, தெருவாரின் புகாரெல்லாம் அவள் காதில்தான் விழும்.

முதல் பூட்டு எதிர்வீட்டு உம் நாஜிக்கு. ஆக்சிஜன் மெஷின் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், சும்மா கிடக்கிற பூட்டுதானே என்று மயாதா அதை எடுத்துத் தன் வீட்டு மாடி அறைக்குப் போட்டாள். அங்கே ராஃபித்தின் கைக்குழந்தை வேர்க்குரு புண்ணாகிக் கத்திக்கொண்டிருந்தது.

உம் நாஜியை வீட்டுக்குக் கொண்டுவந்தது யாருக்கும் தெரியாது. போன தடவை அவள் வீடு திரும்பியபோது தெருவே இனிப்புத் தட்டோடு போய் வாழ்த்திவிட்டு வந்த மறுநாள் அவளுக்கு மறுபடி மூச்சுத் திணறியது. கண்ணேறு என்றார்கள். அதனால் இந்தத் தடவை பொழுது சாய்ந்தபிறகு, விளக்குப் போடாமல், ஒருவருக்கும் சொல்லாமல் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள்.

ஒரு மத்தியானம் பெட்டி அந்த வீட்டு லைனை நிறுத்தியது. உம் நாஜியின் மகள் சுஆத் ஐஸ்கட்டி வாங்கப் போயிருந்தாள். புருஷன் அபூ நாஜி பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தார். மெஷினோடு உம் நாஜியின் மூச்சும் நின்றுபோயிற்று.

அலறல் கேட்டதும் மயாதா மாடிப்படியில் நின்றபடியே பூட்டைத் திரும்ப எதிர்வீட்டுக்குப் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளையே கேட்டாலும் தெரியாது. அதன்பிறகு ராஃபித் ஓடிவந்து பார்த்தபோது பூட்டு அதன் இடத்தில் இருந்தது. பெட்டிதான் கெட்டுப்போயிற்று என்று அவன் முடிவு செய்தான். எல்லோரும் அப்படித்தான் முடிவு செய்தார்கள்.

இவ்வளவுதான் பழைய கதை.

*

துக்க நாட்கள் முடிந்து, இரண்டு கோத்திரத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற ஃபஸ்ல் நாள் வந்தது. காலையிலேயே காற்று அடுப்பு வாயைத் திறந்தது போல அடித்தது. குழாயில் உப்புத் தண்ணீர் கொதித்து வந்தது.

சமூன் ரொட்டி தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"ஒரு வாய் சாப்பிடுங்க மாமா," என்றாள் ராஃபித்தின் மனைவி ஹனான். "வெறும் வயித்தோட போய் மயங்கி விழுந்தா, குத்தம் பண்ணினவன் விழுந்துட்டான்னு அவங்க வீட்டுப் பொம்பளைங்க பாட்டுக் கட்டிருவாங்க."

"நாம ஒரு குத்தமும் பண்ணல," என்றார் ஹாஜி.

"அத அங்க போய்ச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னா ரொட்டிதான் தருவேன்."

ராஃபித் மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பெட்டியைத் திறந்து போட்டிருந்தான். விடியலில் சுப்ஹு தொழுததிலிருந்து அப்படியே இருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரு கம்பிகூட விடல, யாபா," என்றான் தகப்பனைப் பார்க்காமல். "எல்லாம் சரியா இருக்கு. பூட்டு இருக்கு. பூட்டு இருந்தா நிறுத்தக்கூடாது. நிறுத்தியிருக்கு."

"மெஷின்டா. அதுக்கென்ன நிச்சயம்."

"நான் செஞ்சது யாபா அது. கடையில வாங்கினது இல்ல."

மயாதா உலர்ந்த எலுமிச்சை போட்ட தேநீரைச் சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குவளை தட்டில் இடித்து ஒரு சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் இருமல் கேட்டது. சையித் நூரி. இவர்கள் சார்பாகப் பேசப்போகிறவர். பச்சைத் துண்டு தோளில். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஸாமில், அங்க காப்பி வைப்பாங்க. தொடாத. நம்ம வார்த்தைய ஏத்துக்கிட்டோம்னு அவங்க ஷேக் சொன்ன பிறகுதான் குடிக்கணும்."

"தெரியாதா எனக்கு? இந்த வயசுக்கு எத்தன ஃபஸ்லுக்குப் போயிருப்பேன்."

"மத்தவங்க வீட்டு ஃபஸ்லுக்குப் போன. இது உன் வீட்டு ஃபஸ்ல். வேற மாதிரி இருக்கும்." சையித் தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "யாரு கைன்னு கேப்பாங்க. என்ன சொல்லப்போற?"

"கையே இல்ல. பெட்டி. அல்லாஹ்வோட நாட்டம்."

"கையில்லாத சாவுன்னா படுக்கையில தானா வந்த சாவு. இது அது இல்லைங்கறாங்க. ஒரு ஆம்பளப் பேரு வேணும். அந்தப் பேருக்காரன் தெருவ விட்டுப் போகணும். அவங்க கண்ணு முன்னால நடமாடக் கூடாது. அப்பத்தான் அவங்க பசங்க துப்பாக்கிய அலமாரியில வெப்பாங்க."

ராஃபித் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தான்.

பூட்டை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிடப் பார்த்தாள் மயாதா. இப்போது சொன்னால் ஒரு வாக்கியம். மத்தியானத்துக்கு மேல் சொன்னால் அது என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"யாபா," என்றாள்.

"என்னம்மா?"

தகப்பனின் கண் சிவந்து, இமை தொங்கிக் கிடந்தது. அவர் மகளை எவ்வளவு நல்லவள் என்று நினைக்கிறாரோ அதெல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது.

"சக்கர போட்டேனான்னு தெரியல."

"போட்டிருக்க, போட்டிருக்க," என்றார் அவர், குடித்தே பார்க்காமல்.

*

துக்கக் கூடாரம் இன்னும் தெருவில்தான் நின்றது. எதிர்வீட்டுச் சுவரில் கறுப்புத் துணி தொங்கியது. 'நாஜியின் தாயார்' என்று மட்டும் எழுதியிருந்தது. உம் நாஜி என்றால் அதுதான் அர்த்தம்; அவள் சொந்தப் பெயர் ஸபீஹா. தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு அவள் தைத்தது. தாயில்லாத மயாதாவுக்கு முதல் கறுப்பு அபாயா அங்கியை வெட்டித் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். கூலி வாங்கிக்கொள்ளவில்லை, ஒரு முத்தம் வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் கூடாரத்துக்குள் போனார்கள். மயாதாவும் ஹனானும் மாடி ஜன்னலின் மரச்சட்டங்களுக்குப் பின்னால் நின்றார்கள். ஹனானின் தோளில் குழந்தை தூங்கியது. புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்திருந்தது.

அங்கிருந்து எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. வெறும் கொடிக்கயிறு.

இதை நான் இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை, கண்ணுகளா. அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. சாவுக்கு முந்தின நாள் அந்தக் கொடியில் உம் நாஜியின் வீட்டு அங்கி ஈரமாகத் தொங்கியதை மயாதா பார்த்தாள். கறுப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஆள் வந்துவிட்டாளோ என்று நினைத்தாள். பூட்டை மாற்றவேண்டும் என்றும் நினைத்தாள். அப்போதுதான் குழந்தை தூங்கியிருந்தது. நாளைக்குச் சுஆதிடம் கேட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவர்களே கூப்பிடுவார்கள், பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே என்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

தகப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், நிறுத்துவதற்குமுன் அந்த வீட்டு வாசலில் ஒரு குரல் கொடுத்திருப்பார். அவள் கொடுக்கவில்லை. பெட்டிக்குக் குரல் கிடையாது.

கூடாரத்துக்குள் காப்பிக்காரன் கிண்ணம் கொண்டுவந்தான். சையித் நூரி வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார். ஹாஜியும் வைத்தார். காப்பி அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டாரின் கோத்திரத் தலைவர் ஷேக் முத்லக் மெலிந்த மனிதர். சத்தமே போடாமல் பேசினார். ஆனால் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் மாடிவரை கேட்டது.

"யாரு கை?"

"கை இல்ல ஷேக்," என்றார் ஹாஜி. "சத்தியமாச் சொல்றேன். எங்க வீட்டுல யாரும் அந்த லைனத் தொடல. பெட்டி தானா நிறுத்திருச்சு."

"சரி. அந்தப் பெட்டி எந்தக் கோத்திரம்?"

யாரும் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் கேக்கறேன்," என்றார் முத்லக். "ஒரு ஆளு கொன்னா அவன் சித்தப்பன் வந்து உட்காருவான். ஒட்டகம் மிதிச்சா ஒட்டகக்காரன் வருவான். கார் மோதினா ஓட்டினவன் வருவான். பெட்டி நிறுத்திச்சுன்னா, பெட்டிக்கு யாரு வந்திருக்கா? அதோட பெரியப்பா எங்க இருக்காரு? கூட்டிட்டு வாங்க, அவருக்கும் காப்பி ஊத்தறோம்."

"அது மனுஷன் இல்லையே ஷேக்."

"அதத்தான் நாங்களும் சொல்றோம்."

அப்போது அபூ நாஜி பேசினார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி செத்த நாளிலிருந்து அவர் வாய் திறந்து யாரும் கேட்கவில்லை.

"எனக்கு ஈடு வேணாம். ஒரு தினாரும் வேணாம். அவ சம்பாதிச்சதே எனக்குப் போதும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேன். மெஷின் பீப் பீப்னு கத்தியிருக்கும். எனக்குக் கேக்கல. அது என் பங்கு, அத நான் சுமந்துக்கறேன். மத்த பங்கு யாருதுன்னு ஒருத்தர் வந்து சொல்லணும். நான் செஞ்சேன், தெரியாம செஞ்சேன், அசட்டையா செஞ்சேன், என்னவோ ஒண்ணு. மன்னிக்கறதா இருந்தாலும் ஒரு முகம் வேணும் ஹாஜி. நான் எத மன்னிக்கறது? அந்த டப்பாவையா?"

மாடியில் மயாதா மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று மறுபடி தோன்றியது. இங்கிருந்து கத்தினாலே போதும், கேட்டுவிடும்.

ஒரு பெண் மாடி ஜன்னலிலிருந்து ஆண்கள் சபைக்குள் குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்த நேரத்தில் ராஃபித் எழுந்துவிட்டான்.

"பெட்டி என்னோடது," என்றான். "நான் நினைச்சு, நான் செஞ்சு, நான் மாட்டினது. எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா அது என் கை மாதிரிதான். பேரு வேணும்னா என் பேர எழுதுங்க. ராஃபித், ஸாமில் மகன்."

ஹாஜி மகனின் அங்கியைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

ஷேக் முத்லக் அவனைப் பார்த்தார். பிறகு அபூ நாஜியைப் பார்த்தார். அபூ நாஜி தலையை அசைத்தார். அதில் திருப்தி இருந்ததா என்று மயாதாவுக்குத் தெரியவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவர் முகம் போல இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெருவ விட்டுப் போகணும்," என்றார் முத்லக். "எப்பத் திரும்பி வரலாம்னு நாங்கதான் சொல்வோம். காப்பியக் குடிங்க."

ஹாஜி கிண்ணத்தை எடுத்தார். ஆறிப்போன கசப்பை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"குடிச்சிட்டாரு," என்றாள் ஹனான். அழவில்லை. "ஸுபைர்ல எங்கம்மா வீட்டுல ரெண்டே ரூம். அதுல ஒண்ணுல ஆடு கட்டியிருக்கு. அங்க போய் என்ன ஜெனரேட்டர் ஓட்டறது? ஆட்டுக்கு ஃபேன் போடறதா?" பிறகு குழந்தையை மயாதாவிடம் நீட்டினாள். "புடி. துணி எடுத்து வைக்கணும்."

குழந்தை மயாதாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து நிம்மதியாக மூச்சு விட்டது.

*

பொழுது சாய்கிற மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கீழே வந்தாள். ராஃபித் பெட்டியைத் துணியில் சுற்றிவிட்டு, போனில் இன்னொரு தெரு ஜெனரேட்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமா அபூ ஸல்லூம், கழட்டிருங்க. இன்னைக்கே… தெரியும், ஆபரேட்டர வேலைய விட்டு அனுப்பிட்டீங்கன்னு தெரியும். அவன் கைய கால புடிச்சுக் கூட்டிட்டு வாங்க… ஏன்னு எனக்கே தெரியலங்க. பூட்டு இருக்குன்னு காட்டும், ஆனா நிறுத்திரும். அத நம்பாதீங்க."

போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினான். அபுல் கஸீபில், ஸுபைரில், துறைமுகப் பக்கத்தில் என்று எத்தனையோ தெருவுக்கு அவன் செய்த பெட்டி போயிருந்தது.

"யாரக் கூப்பிடற?" என்றாள்.

"எல்லாரையும். ஒவ்வொரு தெருவுலயும் நாலு நாலு பூட்டு வீடு இருக்கு. அங்கயும் யாராவது படுத்திருப்பாங்க." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "நான் கைய வெச்ச எதையும் இனிமே நம்ப முடியாது, மயாதா. கண்ணு முன்னால பொய் சொல்லுது அது."

"பொய் சொல்லல."

அவன் நிமிர்ந்தான்.

அவள் சொன்னாள். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும். ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், குழந்தையின் முதுகு, கொடியில் பார்த்த அங்கி, நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தது, மாடிப்படியில் விரலால் திருப்பிப் போட்டது.

ராஃபித்தின் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. அவனுக்கே தெரியாமல் அவன் தோள் தளர்ந்தது.

"அப்ப பெட்டி சரியாத்தான் இருந்துச்சா?"

அவள் அவனைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்ததை அவனும் அப்போதுதான் கேட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தான்.

"அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்," என்றான் மெதுவாக. "செத்தவங்கள நினைக்காம இத நினைச்சேன் பாரு."

வெளியே ஜெனரேட்டர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"சும்மா கிடக்கற பூட்டுன்னு ஒண்ணு இருக்கற மாதிரி நான்தான செஞ்சேன்," என்றான். "நிறுத்தறதுக்கு முன்னால அந்த வீட்டுல மணி அடிக்கற மாதிரி ஒண்ணு வெச்சிருக்கலாம். வேணாம்னு விட்டேன். மணி அடிச்சா எல்லாரும் சண்டைக்கு வருவாங்கன்னு. யாருகிட்டயும் பேச வேண்டியதே இல்லங்கறதுதான் அதுல எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"யாருகிட்ட?"

"அவங்ககிட்ட."

"பைத்தியமா?" அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "காப்பி குடிச்சாச்சு. பேரு கொடுத்தாச்சு. இப்பப் போய் அது இவன் இல்ல, எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னா, சபையில பொய் சொன்னோம்னு ஆகும். யாபா நெத்தியில எழுதி ஒட்டிருவாங்க. ஒரு பொண்ணு பேரு ஃபஸ்ல்ல வந்தா அந்தக் குடும்பத்த யாரு எட்டிப் பாப்பா? காலையில சொல்லியிருக்கலாம்ல? எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

"இப்பவும் இருக்கு."

அவன் மறுபடி தரையில் உட்கார்ந்தான். துணியில் சுற்றிய பெட்டியைத் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நான் போறேன். ஸுபைர் என்ன அமெரிக்காவா? அடங்கினதும் வந்துருவேன். நீ வாயத் திறக்காத. இது முடிஞ்சிருச்சு, அக்கா."

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முடிந்தது என்று அவன் சொன்னபோது அவளுக்குத் தெரிந்தது அபூ நாஜியின் முகம்தான். இன்னும் சத்தம் கேட்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம். தம்பி கொடுத்தது ஒரு பெயர். கிழவர் கேட்டது பெயர் இல்லை.

பாங்கு சொல்லி முடிந்தது. ராஃபித் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய முற்றத்துக்குப் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மயாதா அபாயாவைத் தலையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தெருவைக் கடக்க ஒன்றும் தூரமில்லை. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கம்புகளைக் கையில் வைத்தபடி அப்படியே நின்று அவளைப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டு வாசலில். ஒருவர் "அம்மா, வேணாம்மா" என்றார். அவள் நிற்கவில்லை.

கதவைச் சுஆத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. பின்னால் கூடத்தில் அந்த மெஷின், வெள்ளைத் துணி போர்த்தி ஓரமாக வைத்திருந்தது.

"என்ன?" என்றாள் சுஆத். முன்பெல்லாம் அவள் இவளை 'அடியே' என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க யாபா தொழுதுட்டாரா?"

"எதுக்குக் கேக்கற?"

"அவருகிட்ட ஒண்ணு சொல்லணும். நீயும் கேக்கணும். கேட்டுட்டு என்ன வேணா பண்ணுங்க."

சுஆத் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து அபூ நாஜியின் குரல் வந்தது.

"யாரும்மா அது?"

சுஆத் மயாதாவையே பார்த்தாள். அந்தக் கேள்விக்கு நீயே பதில் சொல்லிக்கொள் என்பது போல.

"நான்தான், சித்தப்பா," என்றாள் மயாதா. "நான்தான்."

தெருவின் அந்தப் பக்கம் ராஃபித் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஈரக் காலோடு ஓடிவருகிற சத்தமும் கேட்டது. உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

இந்த மட்டில் நிறுத்திக்கொள்கிறேன், கண்ணுகளா. மேலே சொல்ல இப்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது. எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு மூச்சு தடையில்லாமல் வரட்டும். அவர்கள் அறை விளக்கை அணைக்கப் போகிற கை, யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு தரம் கேட்டுவிட்டு அணைக்கட்டும். உங்கள் வாசலில் உண்மை சொல்ல ஒருவர் வந்து நின்றால், கதவைச் சாத்தாத மனம் உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். நல்லா இருங்கள்.